ஏழாவது தூண்

எங்கள் துணிக்கடையைக் கட்டியவர் அப்பா. கீழே கடை, மேலே வீடு, நடுவில் ஆறு தூண்கள். சின்ன வயதில் நானும் அண்ணனும் ஒளிந்து விளையாடிய தூண்கள். அதனால் எனக்கு எண்ணிக்கை தப்பாது.

அண்ணனுக்கு இடது கால் சற்றுக் குட்டை. அப்படியும் கடையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பெரிய மேசைக்குப் பக்கத்தில், இடப்பக்கம் சாய்ந்தபடி, நாற்பது வருஷம் நின்றே துணி கிழித்தான். போன மாதம் போய்ச் சேர்ந்தான்.

இந்த மாதம் மேல்தளத்தில் விரிசல் விட்டது. இடிக்க வேண்டியதுதான் என்று என் மகன் ஒரு பொறியாளரைக் கூட்டி வந்தான். படித்தவன் பேச்சை நான் லேசில் நம்புவதில்லை. பின்னாலேயே நடந்தேன். அவன் தூண்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தான்.

"பயப்படாதீங்க ஐயா. இன்னும் அம்பது வருஷம் நிக்கும். ஏழு தூண் இருக்கே!"

"ஆறுதான். எண்ணக்கூடத் தெரியாமயா உனக்குப் பட்டம் குடுத்தாங்க?"

மகன் சிரித்தான். "நீங்களே எண்ணுங்கப்பா."

துணியில் கோடு போடும் சாக்பீஸால் ஒவ்வொன்றிலும் கோடு போட்டு எண்ணினேன். ஏழு. பெரிய மேசைக்குப் பக்கத்தில் ஒன்று கூடுதலாக நின்றது. சுண்ணாம்புகூட மற்றவற்றைப் போலப் பழசு. விரிசல் அதன் தலைக்குமேல் வந்து நின்றுபோயிருந்தது.

"பாரம் பூரா இதுமேலதான்" என்றான் பொறியாளன். "இடப்பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கு. நேராக்கிடலாமா?"

"வேண்டாம்பா" என்றேன். "அவனுக்கு அப்படி நின்னாதான் வசதி."