ஆள் பிடிக்கிற வேலை

"பிரியோனின்னு ஒரு சிட்னி ஆளை நம்ம ஊருக்கு இழுக்க உன்னை விட்டா யாரு, லினெட்?" என்றார் ட்ரெவர், எங்கள் ஊர் வர்த்தக சபையின் தலைவர்.

"எந்தக் கம்பெனிக்கு?"

"நம்ம உறுப்பினர் ஒருத்தருக்குத்தான். பழைய ஆள்கிட்ட இன்னும் சொல்லலை, அதனால பேர் வேண்டாம். வேலையைப் பத்தி எங்கிட்ட மட்டும்தான் பேசணும்னு பிரியோனிகிட்டயும் சொல்லிட்டேன். நீ ஊரைப் பத்திப் பேசு."

பேசினேன். சபையின் மேனேஜராக எத்தனை டாக்டர், டீச்சர், மெக்கானிக்கை இந்த வறண்ட ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறேன்! போனில் "சபையிலேருந்து லினெட்" என்று மட்டும்தான் சொல்வேன். பதவியைச் சொல்லிக்கொண்டால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள்.

பிரியோனிக்கு வீடு பிடித்தேன். அவள் மகனை ஊர் ஃபுட்டி விளையாட்டு டீமில் சேர்த்தேன்.

"ஆத்துல தண்ணி இருக்குமா?"

"மழை பெய்ஞ்சா இருக்கும்."

சிரித்துவிட்டாள். ஒன்றுதான் அவளுக்கு உறுத்தியது. "முன்னாடி இருந்தவங்க ஏன் போறாங்க?"

ட்ரெவரைக் கேட்டேன். "களைச்சுப் போயிட்டாங்கன்னு சொல்லிடு" என்றார்.

சொன்னேன். 'பாவம்' என்று நானே ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டேன்.

இன்று அவளுக்கு வரவேற்பு. வழக்கம்போல லாமிங்டன் கேக் நான் செய்ததுதான். ட்ரெவர் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம சபையோட புது மேனேஜர், பிரியோனி!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

பிரியோனி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"உங்களாலதான் வந்தேன், லினெட்! ஆமா, அந்தக் களைச்சுப் போனவங்க... பாவம், அவங்க வரலையா?"