திறந்த வாசல்

ஆராதனையில் சாட்சி சொல்ல எப்சிபா எழுந்து நின்றாள். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவள் கணவன் ஆசீர் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரெண்டு மாசமா எங்க வீட்டுக்காரருக்கு வேலையில்ல. உபவாசம் இருந்து ஜெபிச்சேன். கிறிஸ்மஸுக்கு முன்னாடியே கர்த்தர் ஒரு வாசலத் திறந்துட்டாரு. நாளைக்கு வேலைக்குப் போறாங்க."

சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்றது.

ஆசீரின் உதடும் அசைந்தது. சத்தம் வரவில்லை.

பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்குகிறவன் அவன். பதினான்கு வருடம். அக்டோபரில் ஒரு மதியம் பக்கத்து அறை வெடித்தது. உள்ளே மூன்று பேர். இவன் வடக்கு வாசல் வழியாகப் பாய்ந்து ஓடியதால் இன்று இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

ஆலைக்குச் சீல் வைத்தார்கள்.

அதன்பிறகு எத்தனையோ ஆலைகளின் கேட்டில் போய் நின்றான். தீபாவளி முடிஞ்சிருச்சு, ஆள் வேண்டாம் என்றார்கள்.

டிசம்பர் பிறந்தும் வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. மகள் கேட்கவுமில்லை. அதுதான் அவனை அறுத்தது. பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒரு பை அரிசியும் பாவாடைத் துணியும் கொண்டுவந்தார்கள். எப்சிபா ஜெபித்து வாங்கிக்கொண்டாள். அவன் கொல்லைப்பக்கம் போய் நின்றான்.

அப்போதுதான் ஜெயசிங் அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார். சபையில் முன்வரிசைக்காரர்.

நேற்று இடத்தைக் காட்டினார். கருவேலங்காட்டுக்குள் ஒரு தகரக் கொட்டகை. புத்தாண்டுக்குப் பட்டாசு செய்யும் இடம். லைசென்ஸ் கிடையாது.

மருந்தறை என்றால் எதிரெதிரே வாசல் இருக்க வேண்டும். இதில் ஒன்றுதான் இருந்தது.

அதையும், வேலை நடக்கும்போது வெளியே பூட்டிவிடுவார்களாம். ஆபீசர் யாரும் வந்தால் ஆளில்லாத இடம்போலத் தெரிய வேண்டும்.

மற்ற பக்கமெல்லாம் கரி படிந்திருக்க, ஒரு பக்கத் தகரம் மட்டும் புத்தம்புதிதாக மின்னியது. ஏன் என்று அவன் கேட்கவில்லை.

சரி என்றான்.

எப்சிபாவிடம் வேலை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னான். அவள் அடுப்படியிலேயே முழங்கால் போட்டாள். அதற்குமேல் எப்படிச் சொல்வது?

தன் உயிர்தானே. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டான். நினைத்தானே தவிர, ஜெபிக்க வரவில்லை.

ஆராதனை முடிந்தது. வெளியே நல்ல வெயில். ஜெயசிங் அண்ணாச்சி அவன் தோளில் கைபோட்டார்.

"காலைல ஆறு மணிக்கு வேன் வரும். செல்லை வீட்டுலயே வச்சிட்டு வந்துருப்பா."

எப்சிபா சிரித்துக்கொண்டே அருகில் வந்தாள்.

"உங்ககிட்ட இன்னும் சொல்லல. திரி வைக்க ஆள் வேணும்னு அண்ணாச்சி என்னையும் வரச் சொல்லிட்டாங்க. ரெண்டு பேரும் ஒண்ணாவே போயிறலாம்."

ஆசீர் அண்ணாச்சி பக்கம் திரும்பினான்.

"இவ வரல அண்ணாச்சி."

"ஏம்ப்பா? நீ வர்ற எடத்துக்கு அவ வரக்கூடாதா?"

அவர் சிரித்த முகமாகத்தான் கேட்டார்.



எப்சிபாவின் சிரிப்பு நின்றது. கணவனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் கணவனைப் பார்த்தாள்.

"அங்க என்னங்க இருக்கு?"

தோளில் கிடந்த கை இறுகியது.

ஆசீர் சொல்லத் தொடங்கினான்.