பதினைந்து நிமிட நோயாளி

"தூக்கமே வர்றதில்ல மிஸ்" என்று தொடங்கினார் நல்லம்மா.

அவர் நோயாளி இல்லை. நோயாளியாக நடிக்க வந்தவர். அந்தக் கட்டிடத்தின் கன்டீனில் தேநீர் ஊற்றுபவர்.

சிங்களத்தில் நடக்கும் பரீட்சை என்றால் நாடகம் படிக்கும் பிள்ளைகள் வந்து அழகாக நடித்துக் கொடுப்பார்களாம். தமிழுக்குக் கண்டி முழுக்கத் தேடியும் ஆள் அகப்படவில்லை. கடைசியில் நல்லம்மாவின் கையில் நோயாளியின் கதை எழுதிய ஒரு தாளைக் கொடுத்துக் கதிரையில் உட்கார வைத்துவிட்டார்கள். நமக்கு எப்போதும் இருப்பதை வைத்துத்தான் சமாளிப்பு.

பரீட்சைக்கு நாங்கள் நான்கு பேர். நான் கடைசி.

இதில் தேறினால் மேற்பார்வையாளர் இல்லாமல், உளவியலாளராக நானே தனியாக ஆட்களைப் பார்க்கலாம். தெல்தெனியவில் ஓர் அறைகூடப் பேசி வைத்திருந்தேன். போன வருடம் தவறியவள் நான். கேட்க வேண்டியதைக் கேட்காமல் மௌனமாக இருந்தார் என்று எழுதியிருந்தார்கள். இந்த முறையும் போனால் மூன்றாம் தடவை கிடையாது. ஆயுள் முழுக்க இன்னொருவரின் கையெழுத்துக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அதனால் கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். தூக்கம், பசி, வீட்டில் யார் துணை, சாக வேண்டும் போல் இருக்கிறதா. பதினைந்து நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும்.

சுவரோரம் பரீட்சகர்கள் இரண்டு பேர். சண்முகநாதன் சேர், மஸீனா மேடம். நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, குனிந்த தலை நிமிராமல் சரி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நல்லம்மா அபாரமாக நடித்தார். நாடகப் பிள்ளைகள் பிச்சை வாங்க வேண்டும். பசியில்லை என்றார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே எழுந்துவிடுகிறாராம். எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன்.

"அவரு ஆஸ்பத்திரியில இருந்தப்ப இருந்துதான் மிஸ். அன்னைக்கு வேலை எடத்துல பெரிய கூட்டம். எல்லாரும் போனை நிப்பாட்டி வைக்கணும்னு சொல்லிட்டாங்க. மூணு மணிக்கு, அந்தா, அந்த மணிக்கூட்டப் பார்த்துட்டுத்தான் ஆன் பண்ணுனேன். ஆஸ்பத்திரியில இருந்து பதினோரு கோல் வந்து கெடந்துச்சு."

அவர் கை காட்டிய இடத்தைப் பார்த்தேன். பரீட்சகர்களின் தலைக்கு மேலே, அந்த அறையின் மணிக்கூடு.

தாளில் எழுதியிருக்கும் நோயாளிக்கு இந்த அறையின் மணிக்கூட்டை எப்படித் தெரியும்?



நடிப்பவர் உண்மையிலேயே கலங்குவதாகத் தோன்றினால் கையை உயர்த்திப் பரீட்சையை நிறுத்தலாம். விதி இருக்கிறது. காரணத்தைப் பரீட்சகர்கள் ஏற்காவிட்டால் புள்ளி பூச்சியம். அதுவும் விதிதான்.

இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. மிச்சம் இரண்டே கேள்விகள். பேசாமல் கேட்டு முடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். எனக்கு முன்னால் வந்த மூன்று பேரும் அதைத்தானே செய்திருப்பார்கள்?

"அம்மா, இது அந்தத் தாள்ல இருக்கா?" என்று கேட்டேன்.

நல்லம்மா இல்லை என்று தலையாட்டினார்.

நான் கையை உயர்த்தினேன்.

மஸீனா மேடம் எழுந்து வந்து அவரைத் தோளில் அணைத்து வெளியே கூட்டிப் போனார். வாசலில் நல்லம்மா ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அரை மணி நேரம் வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். பயம்தான். ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

சண்முகநாதன் சேரே வந்து கூப்பிட்டார்.

"மற்ற மூண்டு பேரும் அதை நடிப்பெண்டு நினைச்சவை. நாங்களுந்தான். நீர் ஒராள்தான் கண்டுபிடிச்சனீர்" என்றார்.

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் சித்தியடைந்துவிட்டேன்.

கால் தரையில் பாவாமல் கன்டீனுக்குப் போனேன். நல்லம்மா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். பாஸ் என்று சொன்னதும் அவருடைய முகம் மலர்ந்தது. நல்லா இருங்க மிஸ் என்றார்.

எனக்கு மனது கேட்கவில்லை. அந்த மூவருக்காகவும் நானே மன்னிப்புக் கேட்டேன். அதைத் திரும்பத் திரும்ப உங்களைச் சொல்ல வைத்துவிட்டார்களே என்றேன்.

"யாரும் சொல்ல வைக்கல மிஸ். நானாத்தான் சொன்னேன். ரெண்டு வருஷமா ஒருத்தரும் என்னைக் கேக்கல. அவங்க மூணு பேரும் கடைசி வரைக்கும் கேட்டாங்க. நீங்கதான் பாதியில நிப்பாட்டிட்டீங்க."

குரலில் கோபமே இல்லை. கன்டீனில் வடை முடிந்துவிட்டது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மிச்சத்தை இப்போது சொல்லுங்கள் அம்மா என்று கதிரையை இழுத்துப் போட்டேன்.

"இப்ப எங்க மிஸ், கழுவ எம்புட்டுக் கெடக்கு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அந்தப் பதினோரு கோலுக்குப் பிறகு அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

எனக்கு முன்னால் வந்த மூன்று பேருக்கும் தெரியும்.