பாதி மீசை

"மீதி மீசைக்கு, ஸ்கேன் எடுத்துட்டு வந்தப்புறம்தான் டை" என்று சொல்லிவிட்டு சலூன்காரர் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார்.

வேன்காரர் கண்ணாடியைப் பார்த்தார். இடது பக்க மீசை கன்னங்கரேல். வலது பக்கம் வெள்ளை வெளேர்.

"டேய், விளையாடாதே. மூணரைக்கு ஸ்கூல் விட்டுடும். நான் போய்ப் பிள்ளைங்களை ஏத்தணும்."

"எதிர்லதானே ஆஸ்பத்திரி? பத்தே நிமிஷம் மாப்ளே. ஊசி கிடையாது, மருந்து கிடையாது. படுத்து மூச்சை இழுத்துப் பிடிச்சா முடிஞ்சுபோச்சு. வருஷக்கணக்கா சிகரெட் பிடிச்சவங்க நுரையீரலை இலவசமா பார்க்கிறோம், வாங்கன்னு உனக்கு ரெண்டு லெட்டர் வந்துச்சா இல்லையா?"

வந்தது. ஒன்று மேஜை ஆடாமலிருக்க அதன் காலுக்கு அடியில் இருக்கிறது. இன்னொன்றில் பேரன் கப்பல் செய்துவிட்டான்.

"நான் கல்லு மாதிரி இருக்கேன். சும்மா கிடக்கிற சங்கை எதுக்கு ஊதிக் கெடுக்கணும்? போனா எதையாவது கண்டுபிடிச்சுத் தொலைப்பாங்க."

"கண்டுபிடிக்கத்தாண்டா போகச் சொல்றேன்."

கல்லு மாதிரி என்று சொன்னது வாய்தான். ஆறு மாதமாக மாடிப்படி ஏறினாலே வேன்காரருக்கு மேல்மூச்சு வாங்குகிறது. அதைக் கட்டிய மனைவியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. அவ்வளவு பயம்.

ஆனால் வீட்டுக்குப் போக நாலு தெரு தாண்ட வேண்டும். இந்தக் கோலத்தில் வேனை எடுத்தால், பிள்ளைகள் ஆயுசுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினார்.

ஸ்கேன் அறை வாசலில் ஏற்கெனவே இரண்டு பேர். தபால்காரருக்கு ஒரு கன்னம் வழுவழு, மறு கன்னம் முள்ளு. பாங்க் வாட்ச்மேனுக்குப் பாதித் தலைதான் கிராப்.

வேன்காரர் கைக்குட்டையை எடுத்தார்.

"உங்களையும் விடலையா அந்தப் படுபாவி?" என்றார் தபால்காரர்.

"ஆளுக்கு இவ்வளவுன்னு கமிஷன் வாங்கறான் சார். இல்லேன்னா எவன் இந்த வேலை பார்ப்பான்?" என்றார் வாட்ச்மேன்.

"அது கிடக்கட்டும். அவன் ஊதாத சிகரெட்டா? நமக்கெல்லாம் பத்த வைக்கக் கத்துக் கொடுத்தவனே அவன்தான். அவன் இந்த பெஞ்சில வந்து உட்கார்ந்து நீங்க யாராவது பார்த்திருக்கீங்களா?" என்றார் தபால்காரர்.

யாரும் பார்க்கவில்லை. வேன்காரருக்குச் சுருக்கென்றது. தன் உயிர் மட்டும் வெல்லக்கட்டி, அடுத்தவன் உயிர்தான் கிள்ளுக்கீரையா?

ஸ்கூல் விடும் நேரமாச்சே என்று இருவரும் வேன்காரரை முதலில் உள்ளே விட்டார்கள். ஸ்கேன் பத்தே நிமிஷத்தில் முடிந்தது. ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வரும் என்று சீட்டுக் கொடுத்தார்கள். சீட்டோடு சலூனுக்குள் நுழைந்தவர், மீசையைக் காட்டவில்லை. சலூன்காரரின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து, பதிவு செய்கிற நர்ஸம்மா முன்னால் நிறுத்தினார்.

"ஊருக்குத்தான் உபதேசமாம்! இந்த யோக்கியன் பேரையும் எழுதுங்கம்மா."

பெஞ்சில் இருந்த இருவரும் கைதட்டினார்கள்.

நர்ஸம்மா பேனாவை எடுக்கவில்லை. "இவருக்கு வேண்டாங்க" என்றார்.

"ஏன் வேண்டாம்? இவனுக்கு மட்டும் நுரையீரலைத் தங்கத்துல செஞ்சிருக்கா?"

நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டார். "எதுவா இருந்தாலும் அவரையே கேட்டுக்குங்க."

இப்போது இழுத்தது சலூன்காரர். வாசலுக்கு வெளியே, யார் காதிலும் விழாத தூரத்தில் வந்து நின்றார்.

"எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே லெட்டர் வந்துச்சு மாப்ளே. அதுலயே கத்தியைத் துடைச்சுத் தூக்கிப் போட்டேன். அடுத்த வருஷமும் துடைச்சேன். மூணாவது லெட்டருக்குப் போனேன். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமேன்னு டாக்டர் சொன்னார்."

வேன்காரருக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும், பிடித்திருந்த கையை விட மனம் வரவில்லை.

"வைத்தியம் நடக்குது. பார்த்துக்கலாம்னு சொல்றாங்க. நீ மூஞ்சியை அப்படி வெச்சுக்காதே, பாதி மீசையோட பார்க்கச் சகிக்கல."

"ஏண்டா எங்க யார்கிட்டயும் சொல்லல? ஊரே உன்னைக் கமிஷன்காரன், பயந்தாங்கொள்ளின்னு கரிச்சுக் கொட்டுதே!"

"சொன்னா? 'போனான், இருக்குன்னுட்டாங்க'ம்பானுங்க. அப்புறம் ஒருத்தனாவது இந்த ரோட்டைத் தாண்டுவானா? எனக்கு உங்களைத் தெரியாதா?"

சலூனுக்குத் திரும்பியதும் மீதி மீசைக்கும் டை பூசி முடித்தார் சலூன்காரர். டை கண்ணில் பட்டுவிட்டது என்று வேன்காரர் மூன்று முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் அவருக்கு ரிப்போர்ட் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, இளைப்புக்கு மாத்திரை, அடுத்த வருஷம் மறுபடி வரவேண்டும், சிகரெட்டை இன்றே விடவேண்டும். சலூனில் வந்து அதை மூன்று முறை சத்தமாகப் படித்தார்.

அந்த நேரம் நாற்காலியில் இருந்த பிளம்பர், பாதி கிராப்போடு கத்திக்கொண்டிருந்தார். "ஊரையெல்லாம் துரத்தறீங்களே, முதல்ல நீங்க போனீங்களா?"

சலூன்காரர் வழக்கம்போல் இளித்தார். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் வேன்காரர் முந்திக்கொண்டார்.

"இவனா? இவன் பெரிய பயந்தாங்கொள்ளிப் பய. ஆம்பளையா லட்சணமா நீ போயிட்டு வாய்யா!"

சொல்லிவிட்டு, குரல் உடைந்தது பிளம்பருக்குத் தெரியாமலிருக்க, அந்த ரிப்போர்ட்டை நாலாவது முறை சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.