ரெண்டு விரக்கடை

"அடப்பாவி! என் காரை என்னடா பண்றே?"

தேனப்பன் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே பிளைமவுத் கார் சக்கரம் இல்லாமல் கட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது. அடியில் அண்ணன் மகன் வைரவனின் கால்கள் மட்டும் தெரிந்தன.

"நம்ம கார் சித்தப்பா. பாதி எங்களுக்கு."

"அதைத்தாண்டா கேக்குறேன். எந்தப் பாதியைக் கழட்டுறே?"

வைரவன் வெளியே வந்தான். முகமெல்லாம் கிரீஸ். பின்பக்க வில் ஸ்பிரிங்கிலிருந்து சில இரும்புப் பட்டைகளை உருவி ஓரமாக அடுக்கியிருந்தான். முன்பக்க ஸ்பிரிங் இரண்டிலும் ஒவ்வொரு சுற்று அறுபட்டுக் கிடந்தது.

"காரைக் கொஞ்சம் இறக்குறேன். தங்கச்சி சாலா கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்கு இதுதானே போகுது."

"அதுக்குக் காரை எதுக்குடா இறக்கணும்?"

"பாக்க நல்லா இருக்கும்."

தேனப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலஞ்சென்ற அண்ணனும் அவரும் சேர்ந்து வாங்கிய கார். போன எலெக்சனில் கொடி கட்டிக்கொண்டு பட்டிதொட்டியெல்லாம் சுற்றிவிட்டு ஒரு ஆணி கழலாமல் வந்த கார்.

"சினிமாக்காரன் மாதிரி தரையோட தரையாப் போகணுமாக்கும்? உங்க அப்பச்சி இருந்தா இப்படிச் செய்வியா? நம்ம ரோட்டுக்கு அடி தட்டும்டா!"

"தட்டட்டும் சித்தப்பா."

பேசிக்கொண்டே சக்கரங்களை மாட்டி ஜாக்கியை இறக்கினான். சுவரில் சாத்தியிருந்த ஒரு வேப்பங்குச்சியை எடுத்துப் பின்கதவின் படியருகே நிறுத்தினான். குச்சியில் கத்தியால் ஒரு வெட்டு போட்டிருந்தது. கார்ப்படி அதற்கு மேலே நின்றது. இடைவெளியில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தான்.

"இன்னும் ரெண்டு விரக்கடை இறங்கணும்."

"அது என்னடா குச்சி?"

"அளவு பாக்க. நெற்குப்பையில வெட்டுனது."

"மாப்பிள்ளை வீட்டுக்குப் போனவன் குச்சியா வெட்டிட்டு வந்தே?"

வைரவன் மறுபடி காருக்கடியில் போய்விட்டான்.

தேனப்பனிடம் ஒரு சேதியைச் சொன்னால் தந்தி ஆபீசுக்குப் போகவேண்டாம் என்பார்கள். பொழுது சாய்வதற்குள் கடைவீதி முழுக்க, "அண்ணன் மகன் காரை அறுத்துப்புட்டான்" என்பதுதான் பேச்சு.

கல்யாணத்தன்று பிள்ளையார் கோயில் வாசலில் ஒரே கூட்டம். மாப்பிள்ளை முதல் அடியை எப்படி எடுத்து வைக்கிறார் என்று பார்ப்பதற்கென்றே இரண்டு வீட்டுப் பெண்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

"வலது கால்! வலது காலை வச்சு ஏறுங்க!"

மாப்பிள்ளை அரசப்பன் பட்டு வேட்டியை லேசாகப் பிடித்துக்கொண்டு, வலது காலை வைத்து, ஏறி உட்கார்ந்தார். சங்கு ஊதினார்கள். முன்சீட்டில் தேனப்பன் ஏறிக்கொள்ள, வைரவன் காரை எடுத்தான்.

தெருமுனை வாய்க்கால் பாலத்தில் கார் வயிறு இழுபட்டது. டர்ர்ர்!

சைலன்சர் கழன்று தரையில் தொங்கியது. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. நாயனக்காரரும் வாசிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார். "தேனப்பண்ணே, இறங்கித் தள்ளுங்க!" என்று ஒரு குரல் வேறு.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளை உள்ளே போனதும் தேனப்பன் வைரவனைக் கொட்டகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"மானம் போச்சுடா! இதுக்கா காரை அறுத்தே?"

வைரவன் சுற்றுமுற்றும் பார்த்தான். காரிலிருந்து அந்த வேப்பங்குச்சியை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"மாப்பிள்ளைக்குச் சின்னதுல இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போச்சு, சித்தப்பா. சமதரையில நடந்தா தெரியாது. ஆனா தூக்குனா, இந்த வெட்டு வரைக்கும்தான் கால் வரும். அதுக்கு மேலன்னா கையால தூக்கி வைக்கணும். அத்தனை பேருக்கு முன்னாடி!"

தேனப்பன் குச்சியிலிருந்த வெட்டைத் தடவிப் பார்த்தார்.

"சாலாவுக்கு?"

"எல்லாம் சொல்லித்தான் கேட்டாக. தெரிஞ்சுதான் சரின்னா."

"இதை ஏண்டா எங்கிட்ட மொதல்லயே..."

கேட்டு முடிப்பதற்குள் பதில் அவருக்கே தெரிந்துவிட்டது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"இருந்தாலும் ஊரே சிரிச்சுச்சேடா."

"காரைப் பாத்துத்தானே சிரிச்சாக, சித்தப்பா?"

அதற்குள் சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே வந்தார்.

"என்னண்ணே, காருக்கு இடுப்பு விட்டுப்போச்சா? தம்பி செஞ்ச வேலையாமே?"

தேனப்பன் குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அவனை எதுக்குச் சொல்றீக? நான்தான் இறக்கச் சொன்னேன். பாக்க நல்லா இருக்கும்னு."