அடுத்த ஸ்டாப்

சம உரிமை பற்றிய பேச்சுப் போட்டிக்காக மூன்று வாரம் மனப்பாடம் செய்தேன். உகாண்டாவிலிருந்து எங்கள் கல்லூரிக்குப் படிக்க வந்த நகாட்டோ, துண்டுச் சீட்டுகூட இல்லாமல் ஐந்தே நிமிஷம் பேசினாள். முதல் பரிசு அவளுக்கு!

“அவ தன் நிறத்தால பட்டதைச் சொன்னா, ஜெயிச்சா. நீ என்னடி பட்டே?” என்று சீண்டினாள் தோழி வளர்மதி.

எனக்கு வயிறு எரிந்தது.

மாலை பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. ஜன்னலோரம் நகாட்டோ, மடியில் பரிசுக் கோப்பை. பக்கத்து இடத்தில் அவள் பை மட்டும். சுற்றிலும் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

“கயல், வா, உட்கார்,” என்று பையை எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கோப்பைக்குப் பக்கத்திலா நான்?

“பரவாயில்லை, அடுத்த ஸ்டாப்ல இறங்கிடுவேன்.”

“சீட்டு காலியா கிடக்கு, ஏம்மா எல்லாரும் வழியை அடைக்கிறீங்க?” கண்டக்டர் கத்தினார். ஒருத்தியும் அசையவில்லை.

அடுத்த ஸ்டாப் வந்தது, போனது. அதற்கடுத்ததும் போனது. நான் இறங்கவில்லை.

நகாட்டோ என்னைப் பார்த்தாள். பிறகு, நின்றிருந்த மற்றவர்களைப் பார்த்தாள். பொறாமையில்தான் நிற்கிறேன் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

அவள் பையை மறுபடி அந்த இடத்திலேயே வைத்தாள்.