ஹாஜியாரின் சேர்வ்

"பிழை! இடுப்புக்கு மேலால அடிச்சிட்டீங்க ஹாஜி..."

"எது மேல? சாரன் கட்டுற இடம்தானே இடுப்பு? நான் கட்டியிரிக்கிற இடத்தப் பாத்துட்டுக் கதை!"

"பாக்கிறன்தானே. அது நெஞ்சு, ஹாஜியார்."

மசூர் ஹாஜியாரின் சாரன் உண்மையிலேயே நெஞ்சுக்கு ஏறியிருந்தது. டெனிஸ் மாதிரி வலை கட்டி ஆடும் பிக்கிள்போலில், முதல் அடியான சேர்வ் அடிக்கும்போது மட்டை பந்தைத் தொடும் இடம் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது சட்டம். உயர்த்தி அடித்தால் பந்து சீறிக்கொண்டு போகிறது என்று கண்டுகொண்ட ஹாஜியார், அடியைத் தாழ்த்தவில்லை. இடுப்பை உயர்த்திக்கொண்டார்.

வலைக்கு அந்தப் பக்கம் நின்று பிழை பிடித்த மேசன் ஜவுபரும் லேசுப்பட்டவர் அல்ல. கோட்டுக்குப் பின்னால் நின்று அடிக்க வேண்டியவர், ஒவ்வொரு சேர்வுக்கும் ஒரு சாண் உள்ளே வந்துவிடுவார். கேட்டால், கோடு போட்ட ஆளே நான்தானே என்பார்.

ஹாஜியாரின் மனைவி சுல்பிகா கேற்றடியில் நின்று தெருவையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். மகள் நஸ்லாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளையின் உம்மா ஆகிலா, அசர் தொழுகைக்குப் பிறகு சம்மாந்துறையிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தாள். நஸ்லாவுக்குச் சீதனமாகக் கட்டும் வீடு எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க. பெண்ணின் வீட்டுச் சாவியைக் கண்ணால் காணாமல் இந்தக் கரையில் எந்த மாப்பிள்ளையும் நிக்காஹ்வுக்கு வந்து உட்காருவதில்லை.

"இஞ்ச பாருங்க, அவங்க வார நேரம். அந்த மட்டையக் கீழ வைங்க."

"சீனி வருத்தத்துக்கு நல்லம் எண்டு டொக்டர் சொன்னவர். வீடு எங்க எண்டு கேட்டா, சீமெந்து காயுது எண்டு சொல்லு."

நோன்புக்கு முன்னிருந்து எல்லாக் கேள்விக்கும் அவரிடம் அது ஒன்றுதான் மறுமொழி.

ஹாஜியார் மறுபடியும் ஆயத்தமானார். கட்டாரிலிருந்து மச்சினன் மட்டையோடு வீடியோவும் அனுப்பியிருந்தான். இடது கால் முன்னே. தோளைத் திருப்பு. மணிக்கட்டைத் தளர்த்து. கையைக் கீழிருந்து மேலே வீசு. ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் பந்து மூலைக்கு மூலை பறந்து, வலையோரத்துப் பட்டையைத் தாண்டி விழ வேண்டும்.

அந்தப் பட்டைக்கு விளையாட்டில் குசினி என்று பெயர், சமைக்கிற அதே குசினி. பந்தை அந்தரத்தில் வைத்து அடிப்பவர் அதற்குள் கால் வைக்கக் கூடாது.

கல்யாணம் கட்டிய நாள் முதல் குசினியில் கால் வைத்தறியாத மனிதர், இந்த ஒரு சட்டத்தை மட்டும் ஒரே மூச்சில் பாடமாக்கிக்கொண்டார். வலையின் இரண்டு பக்கமும் பச்சைப் பெயின்ற் பூசினார். அயல் பிள்ளை, கோழி, பூனை, எது அதை மிதித்தாலும் கத்துவார்.

ஓட்டோ ஒன்று வந்து நின்றது.

ஆகிலா இறங்கினாள். ஸலாம் சொன்னாள். சுல்பிகா பதில் சொல்லி முடிப்பதற்குள் அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வளவுக்குள் நடந்தாள். சுவரைத் தேடுகிற கண். தேடிக்கொண்டே சீமெந்துத் தளத்தில் ஏறினாள்.

ஹாஜியார் கை பந்தை விட்ட கணம் அது. அவர் ஆளைப் பார்க்கவில்லை. பச்சையில் பட்ட காலை மட்டும்தான் பார்த்தார்.

"குசினியில கால் வெக்காதீங்க!"

ஆகிலா ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றாள்.

யார் என்று கண்டதும் ஹாஜியார் சாரனை உரிய இடுப்புக்கு இறக்கினார்.

"குசினியா? இஞ்சயா?"

ஆகிலா சுற்றிப் பார்த்தாள். வடக்கே சுவர் இல்லை. தெற்கே சுவர் இல்லை. நடுவில் ஒரு வலை.

ஜவுபர் மட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். நஸ்லாவின் வீட்டுக்கென்று இந்தத் தளத்தைப் போட்டவர் அவர். சுவர் எழும்புமுன் சும்மா ஒரு நாள் விளையாடிப் பார்ப்போம் என்று கோடு கீறியவரும் அவர்தான்.

ஹாஜியார் மனைவியைப் பார்த்தார். அவர் உதடு சத்தமில்லாமல் ஒரு சொல்லை அசைத்தது. காயுது.

சுல்பிகா அவரைப் பார்க்கவில்லை. குடியிருக்கும் பழைய வீட்டு யன்னலைப் பார்த்தாள். திரையின் ஓரத்தை நஸ்லாவின் விரல்கள் இறுகப் பிடித்திருந்தன.

சுல்பிகா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தளத்தில் ஏறினாள்.

"ஓம் ராத்தா. இந்தப் பக்கம் ஒண்டு, அந்தப் பக்கம் ஒண்டு. குசினி ரெண்டும் முடிஞ்சிரிக்கி. வீட்ட மட்டும் இவரிட்டக் கேளுங்க."